900 அடி போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் 300 அடி போர் வற்றியதால் 900 அடிக்குப் புதிதாகப் போட்டோம். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை. காய்ச்சிக் குடித்தால் சரியாகுமா? யாரிடம் முறையிடுவது?

பதில்: காய்ச்சாதீர்கள். அந்தக் கறைக்குப் பெரும்பாலும் காரணம் நீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு என்ற உப்பு. காய்ச்சினால் நீர் ஆவியாகும், ஃப்ளோரைடு பாத்திரத்திலேயே தங்கிச் செறிவு கூடும். முதலில் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் அலசிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். கண்ணாடி பாட்டில் கூடாது. ஃப்ளோரைடு அதோடு வினைபுரியும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை.

அதைத் தாண்டினால் குடிக்க, உலை வைக்க, பால்பவுடர் கரைக்க எல்லாமே குழாயில் வரும் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர்தான். குளிக்க, துவைக்கப் போர் தண்ணீர் போதும். ஏறிய கறை போகாது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இனி முளைக்கும் பற்களைக் காப்பாற்றலாம். அதனால் நாளைக்கே மாற்றுங்கள்.

நம் தருமபுரி மாவட்டத்துப் பாறைக் கனிமங்களிலேயே ஃப்ளோரைடு உண்டு. ஆழத்து வெடிப்பில் நெடுங்காலம் தேங்கிய நீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. மழைநீர் உள்ளே இறங்கினால் செறிவு குறையும், ஒரே பருவத்தில் அல்ல. பழைய போரை மூடிவிடாமல் கூரை நீரை அதற்கு விடுங்கள்: 1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழைக்குச் சுமார் 900 லிட்டர். முதல் மழையை வெளியே விட்டு, பிறகு மணல், ஜல்லி, கருங்கல் என மேலிருந்து அடுக்கிய தொட்டி வழியாக இறக்குங்கள். வயல் நீரை மட்டும் விடவே கூடாது. வண்டல் வெடிப்பை அடைத்துவிடும், உரமும் மருந்தும் கூடவே போகும்.

யாரிடம் முறையிடுவது என்பதில்தான் சிக்கல். குடிநீருக்கு ஒரு வாரியம், ஆற்றுக்கு ஒரு துறை, மோட்டாருக்கு மின்வாரியம். அரசியல் சாசனத்தில் தண்ணீர் மாநிலப் பட்டியலில், மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறு மத்தியப் பட்டியலில். நிலத்துக்கு அடியில் உள்ள நீரை நிலத்துக்காரர் உரிமையாகக் கருத இடம் தருவது 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். அதைத் திருத்தி, நிலத்தடி நீரைச் சமூகச் சொத்தாக நிர்வகிக்கச் சொன்னது 2012 தேசிய நீர்க் கொள்கை. ஆனால் கொள்கை சட்டமல்ல, யாரையும் கட்டுப்படுத்தாது. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் தமிழ்நாட்டுக் காவிரிப் படுகையின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துத்தான் நம் பங்கை 404.25 என்றது. ஆற்றையும் போரையும் ஒரே கணக்கில் வைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தக் கணக்கு வராதவரை பக்கத்துத் தோட்டத்துக்காரர் 1,200 அடிக்குப் போவதை உங்களால் தடுக்க முடியாது.

உங்கள் ஆய்வக அறிக்கையை நகலெடுத்து, மார்ச் 22 கிராம சபையில் உங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் குழாய் கேட்டுத் தீர்மானமாகவே பதியச் சொல்லுங்கள். பிள்ளைகளின் வயதையும் அதில் எழுதுங்கள்.