மும்பையில் 18 லட்சமா, கோவையில் 12 லட்சமா?

கேள்வி: வயது 32. சிஎம்ஏ (செலவுக் கணக்கியல் படிப்பு) முடித்து மதுரையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இப்போது இரண்டு ஆஃபர் கையில் இருக்கிறது. மும்பை அந்தேரியில் ஒரு மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனம்: சிடிசி (நிறுவனம் எனக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு) 18 லட்சம், அதில் 1.8 லட்சம் வேரியபிள் (உறுதியில்லாத, செயல்பாட்டைப் பொறுத்து வரும் பகுதி). கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம்: 12 லட்சம், முழுவதும் நிலையான சம்பளம். மனைவி தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை, மாதம் 22,000. கோவையில் அதே சம்பளத்துக்கு ஒரு பள்ளியில் பேசி வைத்திருக்கிறார். மகள் யுகேஜி. பெற்றோர் தென்காசியில். அந்தேரியில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு 45,000 வாடகை சொல்கிறார்கள். கோவை சரவணம்பட்டியில் இரண்டு படுக்கையறை வீடு 18,000. மும்பையில் கூடுதலாகக் கிடைக்கும் 6 லட்சத்தை விட்டுவிட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அந்த 6 லட்சம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும்போது மாதம் 22,000 ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

நிலையான சம்பளத்தில் பாதி பேசிக் (அடிப்படைச் சம்பளம்) என்று வைத்துக்கொள்கிறேன். பேசிக்கில் 12% நிறுவனத்தின் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பங்கு, 4.81% கிராஜுவிட்டி (பணிக்கொடை). இரண்டும் சிடிசிக்குள் இருந்தாலும் மாதாமாதம் கைக்கு வராது. உங்கள் பிஎஃப் பங்கு இன்னொரு 12%. கோவை சம்பளத்தில் நிறுவனத்தின் பங்குகள் போக 10.99 லட்சம் நிற்கும். 75,000 நிலையான கழிவைக் கழித்தால் 12 லட்சத்துக்குக் கீழே, எனவே 2025-26க்கான புதிய வரி முறையில் வருமான வரி இல்லை. பிஎஃப்பும் தொழில் வரியும் போக மாதம் சுமார் 85,400 வரும்.

மும்பையில் வேரியபிளை ஒதுக்கிவிட்டால் நிலையான பகுதி 16.2 லட்சம். வரிக்கு உட்படுவது சுமார் 14.1 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டியதும், அதுவரை வரியே இல்லாமல் செய்த தள்ளுபடி போய்விடும்; 4 லட்சத்துக்கு மேலே உள்ள பணத்துக்கெல்லாம் வரி உண்டு. செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய 95,000. எல்லாம் போக மாதம் 1,07,400. பழைய வரி முறையில் மும்பைக்கு வீட்டு வாடகைப் படி விலக்கு பேசிக்கில் 50% வரை உண்டு என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் படி பேசிக்கில் பாதியாக இருந்து, சேமிப்புக் கழிவு 1.5 லட்சத்தை முழுதாகப் பயன்படுத்தினாலும், உங்கள் சம்பளத்தில் ஆண்டுக்கு நாலாயிரத்துக்குள்தான் மிச்சம். அதை வைத்து ஊரை முடிவு செய்ய வேண்டாம்.

வாடகை வித்தியாசம் மட்டுமே 27,000. அதிகமாக வந்த 22,000 அதிலேயே போய், மேலும் 5,000 துண்டு விழுகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை மூன்று பேரும் விமானத்தில் ஊருக்கு வந்து போக, ஒரு வழிக்கு ஆளுக்கு 6,000 என்றால் 72,000, மாதத்துக்கு 6,000. ஆக, மும்பையில் மாதம் 11,000 குறைவு. மும்பையில் பிஎஃப் சேமிப்பு இரு பங்கும் சேர்ந்து மாதம் 4,200 கூடுதல் என்பதால் உண்மையான குறைவு 6,800. வேரியபிள் முழுவதும் வந்தால் வரி போக 1.52 லட்சம், அதாவது மாதம் சுமார் 12,660. அப்போது மும்பை ஐயாயிரத்துச் சொச்சம் முந்தும். மனைவிக்கும் அங்கே அதே சம்பளத்தில் உடனே வேலை கிடைத்தால்தான் இந்தக் கணக்கு. பள்ளிகள் பெரும்பாலும் கல்வியாண்டு தொடக்கத்துக்குத்தான் ஆள் எடுக்கும். நடுவில் போனால் சில மாதங்கள் அவருடைய சம்பளம் 22,000 நின்றுபோகும் என்றே திட்டமிடுங்கள்.

ஆகவே இப்போதுள்ள ஆஃபருக்கு என் பதில் கோவை. மும்பை நிறுவனம் நிலையான பகுதியை 20.5 லட்சமாக்கினால், மனைவியின் சம்பளம் ஓராண்டு முழுக்க இல்லாமல்கூட இரண்டு ஊரும் சமமாகும். அவருக்கு வேலை உறுதியானால் 17.2 லட்சம் போதும். பேரம் பேசும்போது சிடிசியைப் பேசாதீர்கள், நிலையான பகுதியை மட்டும் பேசுங்கள். ஜாயினிங் போனஸ் தருகிறோம் என்றால், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டுமா, வரி பிடித்த தொகையையா பிடிக்காத தொகையையா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பணத்தை மீறி மும்பைக்குப் போக ஒரு நல்ல காரணம் உண்டு. ஃபண்ட் துறை வேலைகளும் அதைக் கற்றுத்தரும் ஆட்களும் அந்த ஊரில்தான் குவிந்திருக்கிறார்கள். பங்குச் சந்தையையும் ஃபண்டுகளையும் கண்காணிக்கும் செபியின் தலைமையகமும் அங்கேதான். அந்தத் துறையில்தான் வளர வேண்டும் என்று நினைத்தால் முதல் இரண்டு ஆண்டுச் சேமிப்புக் குறைவைப் படிப்புச் செலவாக எடுத்துக்கொள்ளலாம். தயாரிப்புத் துறையின் அடக்கச் செலவுக் கணக்குதான் உங்கள் பலம் என்றால் அதற்குக் கோவையைவிட நல்ல ஊர் தேட வேண்டியதில்லை.

போவதென்று முடிவானால், வீட்டை வாடகைக்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், ரயில் லைனைப் பாருங்கள். மீரா ரோடு, வசாய் இரண்டும் அந்தேரி இருக்கும் மேற்கு லைனிலேயே உள்ளவை, ஒரே வண்டி போதும். கல்யாண் பக்கம் போனால் காட்கோபரில் இறங்கி மெட்ரோ மாற வேண்டும். மழைக்காலத்தில் இது தினசரி அவதி. தரைத்தள வீடு வேண்டாம். ஒப்பந்தத்தை 11 மாதமானாலும் பதிவு செய்ய வேண்டும். மகாராஷ்டிரச் சட்டப்படி அது வீட்டுக்காரரின் பொறுப்பு. மூன்று மாத டெபாசிட், ஒரு மாத புரோக்கர் கமிஷன், முதல் மாத வாடகை என்றால் 2.25 லட்சம் கையில் தேவை, சாமான் ஏற்றும் செலவு தனி.

கார் இருந்தால் 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டுப் பதிவெண்ணில் அங்கே ஓட்ட முடியாது. இங்குள்ள ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே மறுபதிவு செய்து சாலை வரியும் கட்ட வேண்டும். கடனில் வாங்கிய கார் என்றால் வங்கியின் சான்றும் தேவை. விற்றுவிட்டுப் போவது மேல். சொந்த மருத்துவ பாலிசி வைத்திருந்தால் முகவரி மாற்றத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். சில பாலிசிகளில் சிறிய ஊருக்கான பிரீமியம் கட்டிவிட்டு மும்பையில் சிகிச்சை எடுத்தால் பில்லில் ஒரு பங்கை நாமே கட்ட நேரும்.