வெளுத்த சரளை தெரிந்தால் கால் வைக்காதீர்கள்

கேள்வி: கொலராடோவில் வேலை பார்க்கிறேன். அக்டோபர் கடைசியில் ஆர்கன்சா ஆற்றுக்குப் போனால், முழங்கால் ஆழத் தண்ணீரில் பெரிய பிரவுன் ட்ரௌட் (குளிர்ந்த நீரில் வாழும் ஆற்று மீன்) ஜோடி ஜோடியாக நிற்கின்றன. உரிமம் வாங்கியிருக்கிறேன், தடைக்காலமும் இல்லை. பிடித்தாலும் உடனே தண்ணீரில் விட்டுவிடுகிறேன். இது தப்பா?

பதில்: சட்டப்படி தப்பில்லை. ஆனாலும் அந்த மீன்களுக்குத் தூண்டில் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். இது அவை முட்டையிடும் காலம். இதனால்தான் ஸ்காட்லாந்தில் அக்டோபர் 7 முதல் மார்ச் 14 வரை பிரவுன் ட்ரௌட் பிடிக்கத் தடை. கொலராடோவில் பெரும்பாலான ஆறுகள் வருடம் முழுக்கத் திறந்திருப்பதால், அந்தத் தடையை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நீங்கள் பார்த்தது முட்டையிட வந்த ஜோடிகள். பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து வாலால் சரளையை அடித்துக் குழி பறிக்கும். இந்த முட்டைக்குழியைத் தூண்டில்காரர்கள் ‘ரெட்’ (redd) என்பார்கள். அது முட்டை விடும் அதே கணத்தில் பக்கத்திலிருக்கும் ஆண் விந்து விட வேண்டும். தண்ணீரில் கலந்த விந்துக்கு ஒரு நிமிடம்கூட ஆயுள் கிடையாது. அந்த நேரத்தில் ஒன்றைக் கொக்கியில் இழுத்துவிட்டால், அப்புறம் விட்டென்ன, வைத்தென்ன? அதுவும் பசித்துக் கடிக்கிற மீன் இல்லை, இடத்தைக் காக்கச் சீறுகிற மீன். ஒருமுறை நான் ஒரு பெண் மீனைக் கொக்கியிலிருந்து எடுக்க வயிற்றோடு சேர்த்துப் பிடித்தேன். உள்ளங்கையில் ஆரஞ்சு நிறத்தில் ஏழெட்டு முட்டைகள் ஒட்டிக்கொண்டு நின்றன. அன்றோடு முட்டைக்குழிப் பக்கம் தூண்டில் வீசுவதை விட்டேன்.

தூண்டிலைவிட நம் கால்தான் அதிகக் கேடு செய்கிறது. 1992-இல் வெளியான மொன்டானா ஆய்வு ஒன்றில், தினம் இரண்டு தடவை மிதித்த குழிகளில் 96 சதவீதம் வரை முட்டைகளும் குஞ்சுகளும் செத்தன. பொரிப்பதற்குச் சற்று முன் ஒரே ஒரு தடவை மிதித்ததற்கே 43 சதவீதம் வரை போனது.

குழியை அடையாளம் காண்பது சுலபம். சுற்றிலும் பாசி படிந்து கறுத்த கல் இருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் தேய்த்துக் கழுவினது போல வெளுத்திருக்கும். மேல்பக்கம் பள்ளம், கீழ்பக்கம் சிறு மேடு. முட்டைகள் அந்த மேட்டுக்குள்தான் இருக்கின்றன. பள்ளத்தை ஒதுக்கிவிட்டு மேட்டில் ஏறி நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 5 டிகிரி செல்சியஸ் குளிரில் பொரிக்கவே மூன்று மாதம் போல ஆகும், அதற்குப் பிறகும் குஞ்சுகள் சில வாரம் சரளைக்குள்ளேயே கிடக்கும். அதனால் மீன்கள் போய்விட்டன என்று டிசம்பரில் இறங்கிவிடாதீர்கள். வசந்தம் வரை அந்தச் சரளையில் நடக்க வேண்டாம்.

‘பிரவுன் ட்ரௌட் 1883-இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த மீன்தானே, அதை ஏன் காப்பாற்ற வேண்டும்’ என்று சிலர் கேட்பார்கள். உள்ளூர்க் கட்த்ரோட் ட்ரௌட்டைக் காப்பாற்ற பிரவுனை அகற்றச் சொல்லும் ஓடைகளில் அந்த வாதம் சரி. ஆர்கன்சாவில் நாம் பிடித்து மகிழ்வதே தானாகப் பெருகும் இந்த மீனைத்தானே?

சரி, அக்டோபர், நவம்பரில் எங்கே போவது? ஏரிகளில் வளர்த்து விடும் ரெயின்போ ட்ரௌட் இருக்கிறது. ஆற்றுக்குத்தான் போக வேண்டுமென்றால், சரளைத் திட்டுகளை விட்டு விலகி, ஆழமான மடுக்களில் கரையில் நின்றபடி வீசுங்கள். முட்டைக்குழிக்கு நேர் கீழே முட்டை தின்னக் காத்திருக்கும் ரெயின்போவுக்கு முட்டை போன்ற தூண்டில் போடும் பழக்கம் ஒன்று உண்டு. அதையும் தவிர்த்துவிடுங்கள். அங்கே உங்கள் கொக்கியில் மாட்டுவது பல நேரம் அந்தத் தாய் மீனாகவே இருக்கும்.