கேளுங்கள், சொல்கிறோம்: கழுத்து கிழியும் டிராகன்

கேள்வி: ஏ4 தாளைச் சதுரமாக வெட்டி டிராகன் மடித்தால், கழுத்தை உயர்த்தும்போது நுனி கிழிந்துவிடுகிறது. ஏன்?
– வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: ஏ4 தாளில் கிடைப்பது 21 சென்டிமீட்டர் சதுரம். அளவு போதும், தடிமன்தான் தொல்லை. போட்டோகாப்பி தாள் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை. கழுத்து நுனியில் பல அடுக்குகள் சேர்வதால் அது தாங்காது. 60 கிராம் தாளில் முயன்று பாருங்கள்.

தொடக்க மடிப்பையும் கவனியுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டையும் ஒரு பக்கமாக மடித்துப் பிரியுங்கள். தாளைத் திருப்பி, நடுக்கோடுகள் இரண்டையும் மடியுங்கள். ஒன்றாகக் கூட்டினால் 10.5 சென்டிமீட்டர் சதுரம் வரும். இங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் இறக்கைகள் கடைசிவரை ஒத்துவராது.

திறந்த முனை உங்களைப் பார்க்கட்டும். மேலடுக்கின் இரு ஓரங்களையும் நடுக்கோட்டுக்கு மடிக்கும்போது கோட்டைத் தொடாமல் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஓரங்கள் முட்டி நின்றால் பின்னர் கழுத்தை மெலிதாக்கும்போது தாள் புடைத்துக் கிழியும். உங்கள் சிக்கலுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்! பிறகு மேலடுக்கின் முனையைத் தூக்கி நீள வைர வடிவமாக்குங்கள், பின்புறமும் அப்படியே.

கீழே பிளந்து நிற்கும் இரு முனைகளே கால்கள்; அவற்றில் ஒன்று கழுத்து, மற்றது வால். காலை வெளியே இழுத்து வளைக்காதீர்கள். அடுக்கைச் சற்று விரித்து, காலை நடுவில் நுழைத்து மேலேற்றி நகத்தால் அழுத்துங்கள். நுனியில் 2 சென்டிமீட்டரைத் தலையாகக் கவிழுங்கள். இறக்கைக்கு ஒரு சென்டிமீட்டர் விசிறி மடிப்பு மூன்று போதும்.

ஈரக் காற்றில் தாள் தொய்யும். மீதித் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.