குட்டிப் பாதை, கரிப்புகை: நாரோ கேஜ் நீராவி ரயில் பற்றி நீங்கள் கேட்டவை

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஓடும் மலை ரயில் பற்றிப் பேச்சு வந்தபோது, சந்தேகம் எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லி வைத்தேன். நிறையவே வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது வேல்ஸும் டார்ஜிலிங்கும் என்பதால் பதில்கள் அந்தப் பக்கமே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊட்டி ரயில் நாரோ கேஜ்தானே? வீட்டில் பந்தயமே கட்டிவிட்டோம், சார்.

நீங்கள் எந்தக் கட்சி என்று தெரியாமலே தீர்ப்பு சொல்கிறேன். கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம். நம் ரயில்வே கணக்கில் அது மீட்டர் கேஜ், அதாவது 1000 மி.மீ. இங்கே நாரோ கேஜ் என்றால் கால்கா–சிம்லா மாதிரி 762 மி.மீ., டார்ஜிலிங், மாதேரான் மாதிரி 610 மி.மீ., இந்த இரண்டும்தான். ஆனால் வெளிநாட்டு ஆர்வலர்கள் ஸ்டாண்டர்டு கேஜான 1435 மி.மீ.க்குக் குறைந்த எதையும் நாரோ கேஜ் என்றே சேர்த்துக்கொள்வார்கள், அவர்களைக் கேட்டால் ஊட்டியும் உள்ளே வந்துவிடும். பந்தயப் பணத்தில் எல்லோரும் சேர்ந்து பிரியாணி சாப்பிடுங்கள்.

ஊட்டியின் நிஜமான விசேஷம் நடுவே ஓடும் பல் தண்டவாளம். கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், வெறும் சக்கரத்தை நம்பி ஏற முடியாது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் ஆலை செய்த எக்ஸ் வகை எஞ்சினுக்கு நாலு சிலிண்டர். இரண்டு சாதாரண சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. பல் பாதையில் முதல் ஜோடியில் வேலை செய்து முடித்த ஆவியே இரண்டாவது ஜோடிக்குப் போய் மறுபடி உழைக்கும். இந்த வகையைப் பார்த்துப் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் புதிதாகவே எஞ்சின்கள் செய்திருக்கிறார்கள் என்பது திருச்சிக்காரர்கள் பலருக்கே தெரியாது.

கேள்வி: பாதையை ஏன் இவ்வளவு ஒடுக்கமாகப் போட்டார்கள்? காசு மிச்சமா?

காசுதான், கூடவே வளைவு. பாதை ஒடுங்கினால் வளைவை இறுக்கமாக வளைக்கலாம், மலையை ஒட்டியே போய்விடலாம், குடைவதும் வெட்டுவதும் குறையும்.

வேல்ஸில் உள்ள ஃபெஸ்டினியோக் பாதையைப் பாருங்கள், அகலம் 597 மி.மீ.தான். 1836ல் திறந்தபோது அங்கே எஞ்சினே கிடையாது. மேலே குவாரியில் கூரைக்கான பலகைக்கல் வெட்டுவார்கள், அது போர்த்மாடோக் துறைமுகத்துக்கு வர வேண்டும். பாதை முழுக்க ஒரே சீராக இறக்கமாகவே அமைத்துவிட்டார்கள். கல் ஏற்றிய வண்டிகள் தானாக உருண்டு கீழே வரும், பிரேக் பிடிக்க மட்டும் ஆள். காலி வண்டிகளை மேலே இழுக்கக் குதிரை. இறங்கும்போது அந்தக் குதிரைகளையும் ஒரு வண்டியில் ஏற்றி, முன்னால் தீனியும் வைத்துக் கூட்டிவருவார்கள்! 1863ல் நீராவி எஞ்சின் வந்த பிறகும் கல் வண்டி இறங்குவது தானாகத்தான், அது 1939 வரை நடந்தது. இறக்கத்துக்கு எதற்குக் கரி செலவு என்று நினைத்திருப்பார்கள், நியாயம்தானே.

கேள்வி: ஒரு படத்தில் இரண்டு பக்கமும் புகைபோக்கி உள்ள எஞ்சின் பார்த்தேன். எது முன்னால், எது பின்னால்?

அது இரட்டை ஃபேர்லி. முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது, எந்தப் பக்கமும் ஓடும்.

ஃபெஸ்டினியோக்கில் சரக்கு பெருகியது, இரட்டைப் பாதை போட வசதி இல்லை. பெரிய எஞ்சின் வேண்டும், ஆனால் நீளமான எஞ்சின் அந்த வளைவில் திரும்பாது. ராபர்ட் ஃபேர்லியின் வடிவம் இதற்குச் சரியாக அமைந்தது: நடுவில் நெருப்புப் பெட்டி, இருபக்கமும் ஆளுக்கொரு பாய்லர், அடியில் தனித்தனியாகத் திரும்பும் இரண்டு போகி (சக்கரங்கள் பூட்டிய சட்டம்), எல்லாச் சக்கரமும் இழுக்கும். 1869ல் 'லிட்டில் வொண்டர்' ஓடியது, அடுத்த வருடம் பல நாட்டுப் பொறியாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டடிப் பாதையும் நிஜ ரயில்தான் என்று உலகம் நம்பத் தொடங்கியது அங்கேதான்.

குறையும் உண்டு. திரும்பும் போகிக்கு ஆவியைக் கொண்டுபோகும் மூட்டுகள் ஒழுகித் தொலைக்கும். பாய்லர் குறுக்கே கிடப்பதால் டிரைவர் ஒரு பக்கம், கரி போடும் ஃபயர்மேன் மறுபக்கம், நடுவில் நெருப்பு. இருந்தும் 1879ல் சொந்த ஒர்க்‌ஷாப்பான பாஸ்டன் லாட்ஜில் செய்த 'மெர்தின் எம்ரிஸ்' இன்னும் இருக்கிறது, அதே பட்டறையில் 1992ல் ஒன்று, 2023ல் ஒன்று என்று புதிதாகவும் செய்துவிட்டார்கள். 1879க்கும் 2023க்கும் ஒரே பட்டறை, ஒரே வடிவம். எனக்கு அந்த ரயில்வேயில் பிடித்ததே இதுதான்.

கேள்வி: 1863ல் செய்த ஃபெஸ்டினியோக் எஞ்சின் 'பிரின்ஸ்' இன்னும் ஓடுகிறது என்கிறார்கள். பாய்லர் மாறிவிட்டது, பாகங்கள் மாறிவிட்டன. இது பழைய எஞ்சின் என்பதே ஏமாற்று இல்லையா?

கொஞ்சம் காரமாகவே கேட்டிருக்கிறீர்கள், சரி. பாய்லர் ஒரு தடவைக்கு மேல் மாறியது உண்மை. ஆனால் பாய்லர் என்பது தேய்ந்து தீரும் பொருள். உள்ளே நெருப்பும் தண்ணீரும் மோதிக்கொண்டே இருக்கும், தகடு அரிக்கும், குழாய்கள் மெலியும். பிரிட்டனில் பொதுவாகப் பத்து வருடத்துக்கு ஒருமுறை பாய்லரை முழுக்கக் கழற்றிப் பார்க்காமல் ஓட்ட விடமாட்டார்கள். அந்தக் காலத்து ரயில்வேயும் பாய்லரை மாற்றித்தான் ஓட்டியது.

என் கட்சி இது: ஓடுகிற எஞ்சின்தான் பாதுகாக்கப்பட்ட எஞ்சின். கண்ணாடிக்குள் பெயிண்ட் அடித்து நிறுத்தியதை நான் மதிக்கிறேன், அசல் பாகம் எப்படி இருந்தது என்று பார்க்க அது வேண்டும். ஆனால் வால்வை எப்படிச் சரிக்கட்டுவது, எந்தச் சத்தம் வந்தால் எந்த பேரிங் போய்விட்டது என்பதெல்லாம் ஓட்டினால்தான் அடுத்த ஆளுக்குப் போய்ச் சேரும். எல்லா எஞ்சினையும் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை, ஓட்டுவதை ஏமாற்று என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: தன்னார்வலர்களே ரயில் நடத்துவது முதலில் எங்கே தொடங்கியது?

டாலிலின். இதுவும் வேல்ஸ்தான், டவின் என்ற கடலோர ஊரிலிருந்து கிளம்பும். அகலம் 686 மி.மீ., வேறெங்கும் அதிகம் காணாத அளவு. குவாரியும் ரயிலும் சர் ஹேடன் ஜோன்ஸ் என்பவரிடம் இருந்தன. குவாரி மூடிய பிறகும், தான் இருக்கும்வரை வண்டி ஓடும் என்று நஷ்டத்திலேயே ஓட்டினார். 1950ல் அவர் காலமானதும் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எழுத்தாளர் டாம் ரோல்டும் நண்பர்களும் பர்மிங்ஹாமில் கூட்டம் போட்டு, நாமே நடத்துவோம் என்று கிளம்பினார்கள். 1951 மே மாதம் வண்டி ஓடியது.

கையில் இருந்தது என்ன என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஓடக்கூடிய நிலையில் 'டொல்கோக்' என்ற ஒரே எஞ்சின், 1866ல் செய்தது. தண்டவாளம் புல்லுக்குள் புதைந்து கிடந்தது, அடிக்கட்டைகள் மக்கிய இடங்களில் தண்டவாளத்தை அகலம் மாறாமல் பிடித்து வைத்திருந்ததே அந்தப் புல்தான் என்பார்கள். அதிர்ஷ்டவசமாகப் பக்கத்தில் கோரிஸ் என்ற ரயில்வே 1948ல் மூடியிருந்தது, அதே அகலம், இரண்டு எஞ்சின்கள் சும்மா நின்றன. வாங்கிவிட்டார்கள். அவை இரண்டும் கிடைத்திராவிட்டால் அந்த முயற்சி நிலைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

கேள்வி: டார்ஜிலிங் எஞ்சினின் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்களே, வேடிக்கை பார்க்கவா?

இல்லை தம்பி, மணல் போட! டார்ஜிலிங்கில் பல் தண்டவாளம் கிடையாது, இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்தேதான் 2,258 மீட்டர் உயரத்தில் உள்ள கூம் வரை ஏற வேண்டும். பனியும் மழையும் பட்டால் சக்கரம் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றும். முன்னால் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் கையால் மணலை அள்ளித் தண்டவாளத்தின் மேல் தூவுவார்கள். மெல்லிய கோடாக விழ வேண்டும், அதிகம் போனால் பின்னால் வரும் பெட்டிகளின் சக்கரத்துக்கு அதுவே பாரமாகிவிடும். இதுபோக, எஞ்சினின் மேலேயே கரிக்குவியலில் ஒருவர் உட்கார்ந்து பெரிய கட்டிகளை உடைத்து ஃபயர்மேனுக்குத் தள்ளிக்கொண்டிருப்பார். இவ்வளவு குட்டி எஞ்சினுக்கு எத்தனை ஆள் பாருங்கள்.

இந்த எஞ்சினுக்கு பி வகை என்று பெயர், 1889 முதல் 1920கள் வரை மொத்தம் 34 செய்தார்கள். அதில் 778 எண் கொண்டது 1960களில் அமெரிக்கா போய், பிறகு இங்கிலாந்து வந்து, ஃபெஸ்டினியோக்கிலும் ஓடியிருக்கிறது.

கேள்வி: வண்டி கிளம்பும்போது அடியில் பக்கவாட்டில் புஸ்ஸென்று ஆவி அடிக்கிறதே, படத்துக்காகவா?

படத்துக்கும் நன்றாக இருக்கும். ஆனால் காரணம் தண்ணீர். நிற்கும்போது சிலிண்டர் ஆறி, உள்ளே இருக்கும் ஆவி தண்ணீராகிவிடும். ஆவி அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அப்படியே பிஸ்டனைத் தள்ளினால் சிலிண்டர் மூடி உடைந்துவிடும். அதனால் அடியில் உள்ள குழாயைத் திறந்து, சில சுற்று தண்ணீரைத் துப்பவிட்ட பிறகுதான் மூடுவார்கள்.

கேள்வி: நான் ஐடி வேலை, வயது 34. ஃபயர்மேன் ஆக முடியுமா?

இந்தியாவில் முடியாது. டார்ஜிலிங், ஊட்டி எல்லாம் ரயில்வே ஊழியர்களின் வேலை. பிரிட்டனில் இருந்தால் தாராளமாக, ஆனால் முதல் நாளே கரி அள்ளலாம் என்று போகாதீர்கள். கிளீனராகத் தொடங்குவீர்கள். விடியற்காலையில் ஷெட்டுக்கு வந்து, புகைப்பெட்டியைத் திறந்து நேற்றைய சாம்பலை வாரி, குழாய்களில் கம்பி விட்டுத் துடைத்து, எண்ணெய்த் துணியால் சக்கரம் சக்கரமாகத் துடைக்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்க்காமல் யாரும் தீ மூட்ட மாட்டார்கள். ஆறிய பாய்லரைச் சட்டென்று சூடாக்கவும் கூடாது, தகடுகள் ஒரே சீராக விரிய வேண்டும், அதனால் விறகு, கொஞ்சம் கரி என்று மணிக்கணக்கில் பொறுமையாக ஏற்றுவார்கள். இதெல்லாம் பழகி, தேர்வு எழுதி, பல வருடம் கழித்துத்தான் டிரைவர். எஞ்சின் பக்கம் கூட்டம் எப்போதும் அதிகம், தண்டவாளம் பராமரிக்கும் குழுவில்தான் ஆள் பற்றாக்குறை. அங்கே கேட்டால் உடனே கையில் மண்வெட்டி கொடுத்துவிடுவார்கள்.

கேள்வி: மெல்போர்னில் இருக்கிறேன் அண்ணா. இங்கே ஏதாவது?

வீட்டுப் பக்கத்திலேயே பஃபிங் பில்லி, பெல்கிரேவ்–ஜெம்புரூக், 762 மி.மீ. ஒரே ஒரு எச்சரிக்கை: காட்டுத்தீ அபாயம் அதிகமுள்ள நாட்களில் டீசல் எஞ்சின்தான் இழுக்கும். கோடையில் போவதானால் கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: கரிக்குத் தட்டுப்பாடு வந்தால் இதெல்லாம் நின்றுவிடாதா?

நிற்காது, ஆனால் சிரமம் உண்மை. பழைய ரயில்களைப் பாதுகாத்து ஓட்டும் பல ரயில்வேக்களுக்குக் கரி கொடுத்த தெற்கு வேல்ஸின் ஃபோஸ்-இ-ஃபிரான் சுரங்கம் 2023ல் மூடிவிட்டது. இறக்குமதிக் கரியில் தரம் மாறும், மாறினால் ஃபயர்மேன் தீ போடும் விதத்தையே மாற்ற வேண்டும். கரித்தூளோடு வேறு பொருள் சேர்த்து அழுத்திய கட்டிகளையும் சோதிக்கிறார்கள். ஃபெஸ்டினியோக் பல வருடம் எண்ணெயில் ஓடிவிட்டுத்தான் மறுபடி கரிக்கு வந்தது, எண்ணெயும் கைவசம் உள்ள வழிதான்.

கேள்வி: முதல் தடவை போகிறோம், குழந்தைகளும் உண்டு. எந்தப் பெட்டி?

எஞ்சினுக்கு அடுத்த பெட்டி. சத்தம் முழுதாகக் கேட்கும், ஏற்றத்தில் அது திணறுவதை உட்கார்ந்த இடத்திலேயே உணரலாம். வெள்ளைச் சட்டை வேண்டாம். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் கண்ணில் கரித்தூள் விழும், குழந்தைகளுக்குச் சாதாரண பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நாரோ கேஜில் பாறையும் பாலமும் பெட்டிக்குக் கையெட்டும் தூரத்தில் வரும், ஆகவே கையையும் தலையையும் வெளியே நீட்ட விடாதீர்கள். சேர்ந்த பிறகு உடனே வெளியே ஓடிவிடாமல் எஞ்சினை மறுபக்கம் மாட்டுவதைப் பாருங்கள். டிரைவரிடம் பேச்சுக் கொடுக்கவும் அதுதான் நேரம், பெரும்பாலும் பதில் சொல்வார்கள், கூட்டம் இல்லாவிட்டால் குழந்தையைத் தூக்கி உள்ளேயும் காட்டுவார்கள்.