ஏரோஸ்மித் குழு இனி சுற்றுப்பயணம் செய்யப்போவதில்லை என்ற முடிவை, நீண்ட நாள் ரசிகராக எப்படிப் பார்க்கிறீர்கள்?

சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அந்த முடிவுக்குக் காரணமாக அமைந்த காயத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

நடந்ததை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970-இல் பாஸ்டன் நகரில் உருவான அமெரிக்க ராக் இசைக்குழுவான ஏரோஸ்மித், 'பீஸ் அவுட்' என்ற பெயரில் விடைபெறும் சுற்றுப்பயணத்தை 2023 செப்டம்பர் 2 அன்று பிலடெல்ஃபியாவில் தொடங்கியது. நியூயார்க்கை அடுத்த எல்மாண்ட்டில் நடந்த மூன்றாவது கச்சேரியிலேயே பாடகர் ஸ்டீவன் டைலரின் குரல்நாண்கள் காயமடைந்தன. ஒரு மாத ஓய்வில் சரியாகிவிடும் என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு குரல்வளையே முறிந்திருப்பது தெரியவந்தது. கச்சேரிகள் 2024-க்குத் தள்ளிப்போயின. அவை மீண்டும் தொடங்குவதற்குச் சில வாரங்களே இருந்த நிலையில், ஆகஸ்ட் 2 அன்று, அவர் முழுமையாகக் குணமடைய வாய்ப்பில்லை என்றும் சுற்றுப்பயணங்களை அடியோடு நிறுத்திக்கொள்வதாகவும் குழு அறிவித்தது. டைலருக்கு அப்போது வயது 76. வயது ஏற ஏறக் குரல்வளையின் குருத்தெலும்பு இறுகி எலும்பாகிக்கொண்டே போகும் என்பதால், இளமையில் வளைந்து கொடுத்த இடம் முதுமையில் முறிந்துபோகக்கூடும் என்பதை அறிந்தபோதுதான், அந்தக் குரலை அத்தனை காலம் அவர் எந்த அளவுக்கு வருத்தியிருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது.

பெங்களூரில் வளர்ந்த என் தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் இந்தக் குழுவைப் பின்பக்கத்திலிருந்து அறிந்துகொண்டவர்கள். 1975-இல் வெளிவந்த 'டாய்ஸ் இன் தி ஆட்டிக்', 1976-இல் வெளிவந்த 'ராக்ஸ்' ஆகிய அவர்களது உச்சப் படைப்புகள் எங்களை வந்தடையவில்லை. எங்களை அடைந்தது, கேபிள் தொலைக்காட்சியில் எம்டிவி ஓடிய காலத்தில், 1993-இன் 'கெட் எ கிரிப்' தொகுப்புப் பாடல்களின் காணொளிகள்தான். அல்சூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த பெரியப்பா மகன் ஒலிநாடாக்களைத் தேடிச் சேர்ப்பார். அவர்தான் "இதெல்லாம் பின்னாடி வந்தது, முதல்ல இதைக் கேளுடா" என்று 'ராக்ஸ்' தொகுப்பைக் கையில் கொடுத்தார். போதைப்பழக்கத்தாலும் உட்பூசலாலும் ஏறக்குறைய அழிந்துபோய், 1980-களின் பிற்பகுதியில் மீண்டெழுந்த ஒரு குழுவின் இரண்டாம் வாழ்க்கையைத்தான் நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அப்புறம்தான் புரிந்தது.

2007 ஜூன் 2 அன்று அவர்கள் எங்கள் ஊர் அரண்மனை மைதானத்துக்கே வந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டில்தான் டைலர் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். பேஸ் கித்தார் வாசிக்கும் டாம் ஹாமில்டன் தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்தார். அந்த இருவரும் அன்று மேடையில் நின்றதை, இப்போது நினைக்கும்போது, பெரும் கொடையாகவே கருதுகிறேன். துணிப்பட்டைகள் தொங்கும் ஒலிவாங்கித் தண்டைச் சுழற்றிக்கொண்டு டைலர் மேடையின் விளிம்புவரை ஓடிவந்தபோது, ஐம்பத்தொன்பது வயதுக்காரரைப் பார்க்கிறோம் என்ற எண்ணமே எவருக்கும் எழவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ், அயர்ன் மெய்டன், பின்னாளில் மெட்டாலிகா என்று அந்த மைதானம் பலரைக் கண்டிருக்கிறது. ஆயினும் எனக்கு மைதானத்தை அடுத்த மெக்ரி சர்க்கிள் பக்கம் போகும்போதெல்லாம் நினைவுக்கு வருவது அந்த இரவுதான்.

'டைலர் சுருதியைக் குறைத்துக்கொண்டு பாடியிருக்கலாமே' என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ராமநவமிக் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் அது இயல்பாகத் தோன்றும். கர்நாடக இசைப் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறு வயதைத் தொட்ட பிறகும் பாடினார். சாரீரம் ஒத்துழைக்காத இடங்களில்கூட ராகத்தின் வடிவம் கேட்பவரின் மனத்தில் முழுமையாக வந்து நின்றது. கர்நாடக இசையில் பாடகர் தம் குரலுக்கேற்ற கட்டையை, அதாவது அடிப்படைச் சுருதியை, தாமே தேர்ந்துகொள்கிறார், வயதுக்கேற்ப அதை இறக்கிக்கொள்கிறார், கீர்த்தனைக்கு அதனால் எந்தக் குறையும் நேர்வதில்லை. மனோதர்மம், அதாவது மேடையிலேயே கற்பனையாக விரித்துப் பாடும் திறன், இருக்கும்வரை கச்சேரி இருக்கும். ராக் குழுக்களும் கித்தார்களை அரைப் படி இறக்கி வாசிப்பது உண்டுதான். ஆனால் 1973-இல் வந்த ஏரோஸ்மித்தின் 'ட்ரீம் ஆன்' போன்ற ஒரு பாடல், கீழே அமைதியாகத் தொடங்கி, முடிவில் குரல் கிழிந்துவிடுமோ என்று அஞ்சவைக்கும் உயரத்துக்கு ஏறுவதற்காகவே கட்டப்பட்டது. அந்த உயரம் எளிதாகக் கைக்கு எட்டிவிட்டால் பாடலே இல்லை. அந்தக் குரல்வளையை மீண்டும் அங்கே ஏற்றச் சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது.

வேறொரு பாடகரை வைத்துத் தொடரலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க இயலவில்லை. குயின் குழு ஆடம் லாம்பர்ட்டுடன் பயணம் செய்கிறது, ஜர்னி குழு ஆர்னெல் பினேடாவால் புத்துயிர் பெற்றது என்பதெல்லாம் உண்மை. ஏரோஸ்மித்தோ தன் சொந்த வரலாற்றிலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டது. 1979-இல் கித்தார் கலைஞர் ஜோ பெர்ரியும், 1981-இல் மற்றொரு கித்தார் கலைஞர் பிராட் விட்ஃபோர்டும் விலகிய பிறகு, மாற்றுக் கலைஞர்களுடன் 1982-இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் திறமைக்குக் குறைவில்லை, ஆனால் டைலரின் வரிக்குப் பெர்ரியின் கித்தார் எதிர்ப்பாட்டுப் பாடும் அந்த உறவு அதில் இல்லை. 1984-இல் இருவரும் திரும்பியதும்தான் குழு மீண்டது. பெர்ரி இல்லாமலே தடுமாறிய குழு, டைலர் இல்லாமல் எப்படி நிற்கும்? விடைபெறும் பயணத்தில் டிரம்ஸ் கலைஞர் ஜோயி கிரேமர் இடம்பெறாததே என்னைப் போன்ற பழைய ரசிகர்களுக்குக் குறையாக இருந்தது.

நுழைவுச்சீட்டு வாங்கி ஓராண்டுக்கு மேல் காத்திருந்த அமெரிக்க ரசிகர்களின் ஏமாற்றத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பணம் திரும்பக் கிடைத்தாலும், விடைகொடுக்கும் வாய்ப்பு அவர்களுக்குத் திரும்பவில்லை. எங்களைப் போன்றவர்களின் நிலை சற்று வேறு. எங்களுக்கு அவர்கள் வந்தது ஒரே முறை. அந்த இரவை வைத்துக்கொண்டுதான் இத்தனை ஆண்டுகள் பாடல்களைக் கேட்டுவந்தோம், இனியும் அப்படித்தான் கேட்போம்.

ஓய்வு அறிவித்தது சுற்றுப்பயணத்துக்கு மட்டுமே என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2025 ஜூலையில் பர்மிங்காமில் நடந்த, பிரிட்டிஷ் ராக் குழுவான பிளாக் சபாத்தின் விடைபெறும் நிகழ்ச்சியில் டைலர் சில பாடல்கள் பாடினார். அதே ஆண்டு நவம்பரில் இளம் பாடகர் யங்பிளட்டுடன் இணைந்து குழு ஒரு குறுந்தொகுப்பை வெளியிட்டது. பர்மிங்காம் காணொளியைப் பார்த்ததும் பெரியப்பா மகன் தொலைபேசியில் அழைத்து, அவர்கள் மறுபடி கிளம்பிவிடுவார்கள் என்று உற்சாகமாகச் சொன்னார். நான் அதை விரும்பவில்லை. அவ்வப்போது ஒரு மேடையில் மூன்று பாட்டு, ஒலிப்பதிவுக் கூடத்தில் தம் வசதிக்கேற்பச் சில நாட்கள் வேலை என்று டைலர் நிறுத்திக்கொண்டால் அதுவே எனக்குப் போதும். ஊர் ஊராக, இரவு இரவாக, அதே உயரத்தை மறுபடி மறுபடி தொடவேண்டிய கட்டாயத்துக்குள் அவர் திரும்பிப் போகவே வேண்டாம்.