பழைய கட்டுரை என்ன ஆயிற்று?

அன்புள்ள டாக்டர்,

மனநல மருத்துவ மேற்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஐந்தாறு ஜர்னல்களின் பொருளடக்கம் மின்னஞ்சலில் வருகிறது, மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தொகுப்பான பப்மெட்டில் வேறு, புதிது வந்தால் தெரிவிக்கும் அலெர்ட் வைத்திருக்கிறேன். தலைப்பையும் சுருக்கத்தையும் மேய்வதற்கே நேரம் சரியாகிவிடுகிறது. நரம்பியல் பிரிவில் போஸ்டிங் இருந்தபோது அங்கே பேசியது பாதி புரியவில்லை. கூடப் படிப்பவர்கள் நேற்று வந்த கட்டுரையை இன்று பேசுகிறார்கள். பின்தங்கிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் எப்படித் தொடர்கிறீர்கள்?

ம.

அன்புள்ள ம.,

முதலில் அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். பப்மெட்டில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் சேர்கின்றன. மனநலம், நரம்பியல் என்ற இரு துறைகளுக்கு உரியதை மட்டும் பிரித்தெடுத்தாலும் ஒருவரால் படித்து மாளாது. நேற்று வந்த கட்டுரை தெரியாமல் போனால் பெரும்பாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. பத்துப் பதினைந்து வருடம் முன்பு பரபரப்பாகப் பேசப்பட்ட கட்டுரை பிறகு என்ன ஆயிற்று என்று தெரியாமலிருப்பதுதான் எனக்கு ஆபத்தாகப் படுகிறது.

2003-இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளைக் கையாளும் டிரான்ஸ்போர்ட்டர் மரபணுவின் குட்டை வடிவம் உள்ளவர்களுக்கு, வாழ்க்கையில் அடி மேல் அடி விழும்போது மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதல் என்றது. நியூசிலாந்தில் சிறுவயதிலிருந்து கவனிக்கப்பட்டுவந்த 847 பேரின் தரவு. கேட்டவுடன் மனதில் ஒட்டிக்கொள்ளும் விளக்கம், அதைப் பின்பற்றி ஏராளமான ஆய்வுகள் வந்தன. 2019-இல், மனச்சோர்வோடு தொடர்புபடுத்தப்பட்ட 18 மரபணுக்களை லட்சக்கணக்கானோரின் தரவில் வைத்துச் சோதித்தார்கள். இது உட்பட ஒன்றும் தேறவில்லை. ஆனாலும் 2003 கட்டுரையை இன்றும் செமினார் ஸ்லைடுகளில் பார்க்கிறேன், 2019-ஐக் காணோம்.

இன்னொன்று 2007-இல் வந்தது. மூளை அழற்சி கண்ட 12 பெண்களிடம் மூளை செல்களில் உள்ள என்எம்டிஏ ஏற்பிக்கு எதிராக உடலே உருவாக்கிய ஆன்டிபாடி இருப்பதை டால்மாவும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். வெறும் 12 பேர். அடுத்த வருடமே 100 பேரின் விவரம் வந்தது, பிறகு உலகெங்கிலுமிருந்து வந்துகொண்டேயிருந்தது. சினைப்பை போன்ற இடங்களில் கட்டி இருந்தால் அகற்றி, நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் சிகிச்சையும் கொடுத்தபோது பெரும்பாலோர் தேறினார்கள். இவர்களில் பலர் முதலில் வருவது நம்மிடம்தான். ஒரு இளம்பெண், திடீரென்று பயம், சந்தேகம், தூக்கமே இல்லை. சில நாட்களில் வலிப்பு, வாயும் முகமும் தானாக அசைவது, அப்புறம் பேச்சே நின்றுபோவது. சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுபடும் மனநோய்) என்று எழுதி மருந்தை ஏற்றிக்கொண்டே போனால் பொன்னான நேரம் போய்விடும். நரம்பியல் கட்டுரைகளை நாம் படிக்க இந்த ஒரு நோய் போதும்.

847 பேரை வைத்துச் சொன்னது நிற்கவில்லை, 12 பேரை வைத்துச் சொன்னது நின்றது. வந்த வாரத்தில் படித்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே அலெர்ட்டுகளில் பெரும்பாலானவற்றை நிறுத்துங்கள். வார்டில் எழும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் தொகுப்பாய்வு இருந்தால் அங்கே தொடங்கி, அதில் முக்கியமான ஒரு ட்ரையலை (நோயாளிகளிடம் நடத்திய சிகிச்சைச் சோதனையை) முழுசாகப் படியுங்கள். சுருக்கத்தோடு நிற்காதீர்கள். அல்சைமருக்கான லெக்கானிமாப் நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது என்று செய்திகள் வந்தன. கட்டுரையைத் திறந்தால், நினைவையும் அன்றாடச் செயல்பாட்டையும் அளக்கும் 18 புள்ளி அளவுகோலில், 18 மாதம் கழித்து, இரு குழுக்களுக்கும் இடையே வித்தியாசம் 0.45 புள்ளி. மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கமோ நீர்க்கோர்வையோ தெரிந்தது, மருந்தில்லாத போலி மருந்து (பிளாசிபோ) பெற்ற குழுவில் 1.7. நோயாளியின் மகள் கேட்டால் நான் இந்த எண்கள் எல்லாவற்றையும் சொல்வேன். 27-ஐ மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வராது.

நடக்கும் ட்ரையல்களைப் பதிந்துவைக்கும் பதிவேட்டையும் பார்க்கப் பழகுங்கள். 2008-இல் ஒரு ஒப்பீடு வந்தது. 12 மனச்சோர்வு மருந்துகளைப் பற்றி அமெரிக்காவில் மருந்துகளுக்கு ஒப்புதல் தரும் எஃப்டிஏவிடம் இருந்த 74 ட்ரையல்களையும், அவற்றில் பிரசுரமானவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எஃப்டிஏ கணக்கில் 38 மட்டுமே சாதகம், அதில் 37 வெளிவந்தன. மீதி 36-இல் 22 வெளிவரவேயில்லை, 11 சாதகமானவைபோல எழுதப்பட்டு வந்தன. ஜர்னலில் வந்ததை ஒன்றுவிடாமல் படித்த மருத்துவருக்கு 94 சதவீத ட்ரையல்கள் சாதகம் என்று தோன்றியிருக்கும், எஃப்டிஏ கணக்கிலோ அது 51. எனக்கு இது இன்றும் கோபம் வரவைக்கும் விஷயம். விடாமல் படித்தவர்தான் அதிகம் ஏமாந்திருப்பார்.

நரம்பியல் புரியவில்லை என்றீர்கள். அங்கே மேற்படிப்பு படிக்கும் ஒருவரைப் பிடியுங்கள், மாதம் ஒரு கட்டுரையைச் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். நம் பக்கம் பேசுவது அவர்களுக்கும் பாதி புரியாது.