உருட்டாத கோஸ் ரோல்: வேலை நாள் இரவுக்கு ஒரே பாத்திரச் சமையல் – கேள்வி பதில்

போலந்து, உக்ரைன், ரஷ்யா, பால்கன் நாடுகள் எல்லாவற்றிலும் கோஸ் இலையில் கைமாவும் அரிசியும் வைத்துச் சுருட்டி, தக்காளிச் சாற்றில் வேகவைப்பார்கள். முழுக் கோஸை வேகவைத்து, இலை உரித்து, நடுநரம்பைச் சீவி, சுருட்டி அடுக்கி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே பொருட்களை நறுக்கி ஒரே பாத்திரத்தில் சமைத்தால் 50 நிமிடம் போதும். எதை எப்போது சேர்க்கிறோம் என்பதுதான் இதில் முக்கியம்.

கேள்வி: நாலு பேருக்கு முழு அளவும் செய்முறையும் சொல்லுங்களேன்.

கைமா 500 கிராம் (மாடு, பன்றி, கோழி எதுவானாலும் சரி), கோஸ் 700 கிராம், பெரிய வெங்காயம் 1, பூண்டு 3 பல், தக்காளி பேஸ்ட் 2 மேசைக்கரண்டி, டின் தக்காளி 400 கிராம், நீள வெள்ளை அரிசி 150 கிராம், சூடான தண்ணீர் அல்லது ஸ்டாக் 350 மி.லி., பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்ப் பொடி) 2 தேக்கரண்டி, பிரிஞ்சி இலை 1, வினிகர் 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, உப்பு, மிளகு.

28 செ.மீ.க்குக் குறையாத, மூடியுள்ள, அடிகனமான அகலப் பாத்திரம் வேண்டும். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் கைமாவைப் பரப்பி, 3 நிமிடம் கிளறாமல் விடுங்கள். அடிப்பக்கம் சிவந்தபிறகு உடைத்துவிடுங்கள். போட்டதுமே கிளறினால் தண்ணீர் விட்டு, வறுபடாமல் சாம்பல் நிறத்தில் வெந்துபோகும். ருசியில் பாதி அங்கேயே போய்விடும். கொழுப்பு அதிகம் இறங்கினால் ஒரு மேசைக்கரண்டி மட்டும் வைத்துவிட்டு மீதியை வடித்துவிடுங்கள்.

அடுத்து வெங்காயம் 4 நிமிடம், பூண்டு அரை நிமிடம். பிறகு 3 செ.மீ. சதுரமாக நறுக்கிய கோஸும் 1 தேக்கரண்டி உப்பும். மூடாமல், தீயைக் கூட்டி, 8 நிமிடம் வதக்குங்கள். கோஸ் பாதியாகச் சுருங்கி, ஓரங்கள் அங்கங்கே சிவந்திருக்க வேண்டும். நடுவில் இடம் ஒதுக்கி தக்காளி பேஸ்டை ஒரு நிமிடம் வறுத்து, பாப்ரிகாவும் கழுவி வடித்த அரிசியும் போட்டுப் புரட்டுங்கள். டின் தக்காளி, தண்ணீர், பிரிஞ்சி இலை, சர்க்கரை சேர்த்துக் கொதி வந்ததும் அரிசி முழுக்க நீருக்குள் அமிழும்படி அழுத்திவிடுங்கள். மிகச் சிறு தீயில் 20 நிமிடம் மூடி வைத்து, அணைத்தபின் 10 நிமிடம் திறக்காமல் விடுங்கள். வினிகரும் மிளகும் கடைசியில். தட்டில் போட்டபின் மேலே புளித்த கிரீம் அல்லது கெட்டித் தயிர்.

கேள்வி: தண்ணீர் வற்றிவிட்டது, அரிசி நடுவில் இன்னும் கடிக்கிறது. என்ன காரணம்?

பெரும்பாலும் புளிப்புதான். தக்காளியின் அமிலம் அரிசியையும் கோஸையும் மெதுவாகவே மிருதுவாக விடும். கோஸைத் தக்காளிக்கு முன்பே வதக்கச் சொல்வதும், வினிகரைக் கடைசிக்குத் தள்ளுவதும் இதனால்தான். இடையில் மூடியைத் திறந்து பார்த்தாலும் இதே கதிதான், ஆவி போய்விடும். இப்போதைக்கு 80 மி.லி. கொதிநீர் சுற்றி ஊற்றி, கிளறாமல் மூடி, இன்னும் 6 நிமிடம் சிறு தீயில் வையுங்கள். கிளறினால் மாவு கரைந்து அடிபிடிக்கும்.

பழுப்பரிசி என்றால் அதைத் தனியே 20 நிமிடம் வேகவைத்து வடித்துவிட்டுச் சேருங்கள். நேராகப் போட்டால் அது வேகும் முன் கோஸ் குழைந்துவிடும்.

கேள்வி: எனக்கு நேர்மாறாக, சூப் மாதிரி ஆகிவிடுகிறது.

கோஸில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஒடுக்கமான பாத்திரத்தில் குவித்துப் போட்டால் அந்த நீர் ஆவியாக வழியில்லை. பாத்திரம் சிறியதென்றால் கோஸை இரண்டு தடவையாக வதக்குங்கள். சீனக் கோஸ் இதற்கு ஒத்துவராது, நீர் அதிகம் விடும். சுருக்க இலை கொண்ட சவாய் வகை நன்றாக இருக்கும், வதக்க 5 நிமிடமே போதும். ஏற்கெனவே நீர்த்துவிட்டால் மூடியை எடுத்து, நடுத்தீயில் 5 நிமிடம் வற்ற விடுங்கள்.

கேள்வி: மீந்த சாதம் இருக்கிறது. அதைப் போடலாமா?

தாராளமாக. 2 கப் சாதம் போதும். தண்ணீரை 100 மி.லி. ஆகக் குறைத்து, கோஸும் தக்காளியும் மூடி 12 நிமிடம் வெந்தபின் சாதத்தை உதிர்த்துச் சேர்த்து, ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம் அக்கா. கைமாவுக்குப் பதில் என்ன?

காளான் 400 கிராமைப் பொடியாக நறுக்கி, அதன் நீர் முழுதும் வற்றிச் சிவக்கும்வரை 10 நிமிடம் வறுங்கள். அவசரப்பட்டால் வழவழப்பாக நிற்கும். பழுப்பு லென்டில் பருப்பு ஒரு கப், தனியே குழையாமல் வேகவைத்தது, கடைசி 5 நிமிடத்தில். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் கறி இல்லாத குறை தெரியாது. உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீடெல்லாம் கோஸ் வாடை. தவிர்க்க முடியுமா?

நேரம் கூடக்கூட கோஸிலிருந்து கந்தகச் சேர்மங்கள் அதிகம் வெளிவரும். முதல் 8 நிமிடம் மூடாமல் வதக்குவது இதற்கும் உதவும். சொன்ன நேரத்துக்கு மேல் அடுப்பில் விடாதீர்கள்.

கேள்வி: பிரஷர் குக்கரில் செய்தால்?

செய்யலாம், ஆனால் கோஸ் குழையும். அதனால் 5 செ.மீ. துண்டாக நறுக்குங்கள். தக்காளி பேஸ்ட் அடியில் ஒட்டித்தான் கருகும். வறுத்தபின் தண்ணீர் ஊற்றி அடியை நன்றாகச் சுரண்டிவிட்டு, அரிசி, கோஸ், டின் தக்காளி என்று மேலே அடுக்குங்கள், கலக்க வேண்டாம். அழுத்தம் ஏறியபின் 5 நிமிடம், பிறகு தானாக அடங்க 10 நிமிடம்.

கேள்வி: ஞாயிறன்றே செய்து வாரம் முழுக்க வைத்துக்கொள்ளலாமா?

வாரம் முழுக்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் 3 நாள், அதிகபட்சம் 4. ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து, சமைத்த 2 மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமையல் சூட்டிலும் சாகாதவை. சாதம் வெளியே கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஃப்ரீசருக்கு என்றால் அரிசி சேர்க்காமல், தண்ணீரை 100 மி.லி. ஆகக் குறைத்துச் செய்து 3 மாதம் வரை வைக்கலாம்; உண்ணும் அன்று புதிதாக வடித்த சாதத்தைக் கலந்துகொள்ளுங்கள்.